பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி நாட்காட்டியும் வளாகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் நோயைப் பெருந்தொற்று என்று சொன்னபோது, ஒரு கல்லூரியின் கல்விப் பிரிவில் நாட்காட்டி போடும் வேலை என்னுடையது. அடுத்த கல்வியாண்டுக்கு மட்டும் ஏழு முறை அதைத் திருத்தினோம். மூன்றாவது திருத்தம் வெளியான அன்று ஒரு மாணவி போனில் கேட்டாள்: "தேதி மாறுறது பரவாயில்ல சார். அடுத்து எப்போ மாறும்னு மட்டும் சொல்லிடுங்க." என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் வேலை செய்த விதமே மாறியது. கீழே உள்ளவை அந்த நாட்களில் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும், பிறகு வேறு கல்லூரிகளின் அலுவலர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை. இன்னொரு தொற்று வந்தால் யாருக்காவது உதவும் என்று தொகுத்திருக்கிறேன்.

வளாகத்தை மூடுவதா, திறந்து வைப்பதா? எதை வைத்து முடிவு செய்வது?

அன்றாடத் தொற்று எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. சுற்றுவட்டாரத்தில் தொற்று ஏறுமுகமா, மருத்துவமனைகளில் படுக்கை மீதி இருக்கிறதா என்ற இரண்டும் வெளியில் இருந்து வரும் தகவல்கள். ஹாஸ்டலில் காலியாக உள்ள தனிமை அறைகள் எத்தனை, இன்று பாடம் நடத்தும் நிலையில் உள்ள ஆசிரியர்கள் எத்தனை பேர் என்ற இரண்டும் நம் கையில் இருக்கும் கணக்கு. இந்தப் பின்னிரண்டைப் பல கல்லூரிகள் தினமும் எண்ணுவதே இல்லை. முதலில் கைகொடுப்பது இவைதான்.

அமெரிக்காவில் 2020 ஆகஸ்ட் 10 அன்று இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் வகுப்புகளைத் தொடங்கின. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஒரே வாரத்தில், பரிசோதித்தவர்களில் தொற்று உறுதியானவர்களின் விகிதம் 2.8இலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. ஆகஸ்ட் 17 அன்று இளநிலை வகுப்புகளை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். நோட்ர டேம் பல்கலைக்கழகத்திலும் தொற்று ஏறியது. அவர்கள் இரண்டு வாரம் நேரடி வகுப்புகளை நிறுத்தினார்கள், பிறகு படிப்படியாகத் திரும்பத் தொடங்கினார்கள். இரண்டு இடங்களின் சூழலும் ஒன்றல்ல. ஆனாலும் திறப்பு, மூடல் என்ற இரண்டுக்கும் நடுவே "இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்போம்" என்ற ஒரு படியை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது நல்லது என்று அந்த மாதம் நான் கற்றுக்கொண்டேன்.

மூடுவதுதான் எப்போதும் பாதுகாப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணித மாதிரி ஆய்வு 2020இல் எதிர்பாராத முடிவைச் சொன்னது. வகுப்புகளை ஆன்லைனாக்கினாலும் ஏராளமான மாணவர்கள் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்கே திரும்பி வந்து வாடகை வீடுகளில் தங்குவார்கள், அவர்களைப் பரிசோதனைக்கு உட்படுத்தும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு இருக்காது, ஆகவே வளாகத்தைத் திறந்து எல்லோரையும் அடிக்கடி பரிசோதிப்பதைவிட அதில் தொற்று அதிகமாகலாம் என்றது அந்த ஆய்வு. அவர்கள் திறந்தார்கள். உங்கள் மாணவர்கள் மூடிய பிறகு எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்.

நாட்காட்டியை மாற்ற என்னென்ன வழிகள் உள்ளன?

முன்னால் தள்ளுவது, பின்னால் தள்ளுவது, சுருக்குவது, துண்டாக்குவது. நடைமுறையில் இந்த நான்கும் இவற்றின் கலவைகளும்தான்.

முன்னால் தள்ளுவது என்றால் சீக்கிரம் தொடங்கி, நடுவில் விடுமுறை இல்லாமல் ஓட்டி, அலை எழும் என்று எதிர்பார்க்கும் காலத்துக்கு முன்பே முடிப்பது. நோட்ர டேம் செய்தது அதுதான்: வழக்கத்தைவிட இரண்டு வாரம் முன்பு தொடங்கி நவம்பர் இறுதி விடுமுறைக்குள் செமஸ்டரை முடித்தார்கள். பின்னால் தள்ளுவது எளிதாகத் தெரியும். ஆனால் ஒரு செமஸ்டர் ஆறு வாரம் தள்ளினால் அதற்கடுத்த இரண்டு செமஸ்டர்களும் நகரும், மேற்படிப்புச் சேர்க்கை தவறும், வேலைக்கான சேரும் தேதி தவறும். தள்ளிப்போட்ட வாரங்களை எந்தக் கோடை விடுமுறையில் மீட்கப் போகிறோம் என்று அதே தாளில் எழுதாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

சுருக்குவதற்குக் கணக்கு உண்டு. வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம், 15 வாரம் என்றால் மொத்தம் 2,250 நிமிடம். 13 வாரமாகச் சுருக்கினால் 39 வகுப்புகள்தான் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 58 நிமிடம் ஆக்கினால் கணக்கு நேராகிவிடும். எட்டு நிமிடம்தானே என்று தோன்றும். ஒரு நாளில் ஆறு வகுப்பு உள்ள மாணவருக்கு அது 48 நிமிடம். கடைசிப் பேருந்தில் வீடு திரும்புபவருக்கு அந்த 48 நிமிடம் பெரிய விஷயம். தாளில் நிமிடங்களைச் சரிக்கட்டிவிடலாம். படித்து உள்வாங்கிக்கொள்ளும் நாட்களைச் சரிக்கட்ட முடியாது. ஐரோப்பியக் கடன்புள்ளி (கிரெடிட்) முறையில் ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர மொத்த உழைப்பு. வகுப்பறைக்கு வெளியே வீட்டில் படிப்பது, எழுதுவது எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. இரண்டு வாரத்தை வெட்டினால் அந்த உழைப்பும் மீதி வாரங்களின் தலையில்தான் விழும். பாடத்திட்டத்தில் ஒரு அலகையாவது குறைக்காமல் வாரங்களைக் குறைப்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

துண்டாக்குவது எனக்குப் பிடித்த வழி. நான்கு பாடங்களை 15 வாரம் ஒன்றாக ஓட்டுவதற்குப் பதில், இரண்டு பாடங்களை முதல் ஏழரை வாரத்திலும் மற்ற இரண்டை அடுத்த ஏழரை வாரத்திலும் நடத்துவது. அமெரிக்காவின் பெலாய்ட் கல்லூரி 2020இல் இப்படி மாறியது. அங்கேயே கொலராடோ கல்லூரி 1970 முதலே ஒரு நேரத்தில் ஒரே பாடம் என்றுதான் நடத்துகிறது. நடுவில் மூட நேர்ந்தால் பாதியில் நிற்பவை இரண்டு பாடங்கள் மட்டுமே; முதல் பாதியில் முடித்தவை முடித்தவைதான். ஒரு மாணவர் சந்திக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் குறைகிறது. இதில் குறையும் உண்டு: காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் இரண்டு வாரப் பாடம் போய்விடும். கணிதம், மொழி போன்றவை மெல்ல ஊறவேண்டிய பாடங்கள். அவற்றை அவசரத்தில் அடைக்க முடியாது. அவற்றை மட்டும் முழு நீளத்துக்கு விட்டு மற்றவற்றைத் துண்டாக்கலாம்.

நடுவில் வரும் விடுமுறைகளை எடுத்துவிடலாமா?

பயணத்தைக் குறைக்க எடுக்கலாம். ஓய்வையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். வாரத்தின் நடுவே ஒற்றை நாள் விடுமுறைகளாகப் பிரித்துக் கொடுத்தால் யாரும் ஊருக்குக் கிளம்ப மாட்டார்கள், மூச்சும் விடலாம். அன்றைக்கு ஒப்படைப்பும் கூடாது, மறுநாள் தேர்வும் கூடாது. இந்த இரண்டையும் எழுத்தில் போடாவிட்டால் அந்த நாள் வீட்டுப்பாட நாளாகிவிடும்.

நேரடி வகுப்பிலிருந்து ஆன்லைனுக்கு மாற எவ்வளவு அவகாசம் தேவை?

வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2020 மார்ச் 6, வெள்ளிக்கிழமை அறிவித்து மார்ச் 9, திங்கட்கிழமை முதல் நேரடி வகுப்புகளை நிறுத்தியது. பருவத்தின் கடைசிக் கட்டம் என்பதால் அது ஒருவாறு நடந்தது. செமஸ்டரின் நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வாரம் வகுப்பே இல்லாமல் விடச் சொல்வேன். அந்த வாரத்தில் ஆசிரியர் பாடத்தை மறுபடி அடுக்கட்டும், மாணவர் வீடு போய்ச் சேரட்டும், யாரிடம் என்ன கருவி இருக்கிறது என்று துறை கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மூன்று நாளில் மாறுகிறோம் என்று பெருமையாக அறிவித்துவிட்டு அடுத்த மூன்று வாரம் குழம்புவதைவிட இது மேல்.

இணையம் சரியாகக் கிடைக்காத மாணவர்களை என்ன செய்வது?

2020 ஏப்ரல் வாக்கில் உலகம் முழுவதும் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்களின் பள்ளி, கல்லூரிகள் மூடிக்கிடந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. இவர்களில் மேசை, கணினி, தனி அறை எல்லாம் வாய்த்தவர்கள் குறைவு. ஆகவே வாய்க்காதவரை அளவாக வைத்துத் திட்டமிட்டால்தான் திட்டம் நிற்கும்.

எங்கள் முதல் ஆன்லைன் வாரத்தில் ஒரு மாணவனின் பெயர் வருகைப் பட்டியலில் நாற்பது முறை ஏறி இறங்கியிருந்தது. உள்ளே வருகிறான், போகிறான், வருகிறான். விளையாடுகிறான் என்று ஆசிரியர் நினைத்தார். கூப்பிட்டுக் கேட்டோம். வீட்டில் ஒரே போன், மொட்டைமாடியின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல், வெயில் ஏறினால் போன் சூடாகி அணைந்துவிடும். அவன் நாற்பது முறையும் வகுப்புக்குத் திரும்ப முயன்றிருக்கிறான். அந்தப் பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன்.

செய்யக்கூடியவை எளிமையானவைதான். காணொளி வகுப்பு ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு மெகாபைட் முதல் ஒரு ஜிகாபைட் வரை இழுக்கும். அதையே ஒலி மட்டும் பதிவாக்கினால் 30 மெகாபைட் அளவில் முடிந்துவிடும். குறிப்புகளைப் பிடிஎஃப் ஆகவும் விளக்கத்தை ஒலியாகவும் கொடுத்தால் இரவில் சிக்னல் நன்றாக இருக்கும்போது இறக்கிக்கொள்ளலாம். நேரலை வகுப்பை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, அதைச் சந்தேகம் கேட்க மட்டும் வைக்கலாம். நூலகத்தின் மடிக்கணினிகளைப் பூட்டி வைப்பதைவிடக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்பலாம். வளாகம் மூடியிருந்தாலும் வைஃபை எட்டும் ஒரு திறந்த வராந்தாவை மட்டும் இடைவெளியுடன் திறந்து வைக்கலாம். வீடே படிக்க ஏற்ற இடமாக இல்லாத மாணவர்களும் உண்டு, குறிப்பாக மாணவிகள். இப்படிப்பட்ட சிலரை வளாகத்திலேயே தங்கவிடும் அதிகாரம் வார்டனிடம் எழுத்து மூலம் இருக்க வேண்டும்.

கேமராவைக் கட்டாயம் ஆன் செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். வீட்டை எல்லோருக்கும் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. டேட்டாவும் வீணாகும்.

லேப், பிராக்டிகல், களப்பணி எல்லாம் என்ன ஆகும்?

ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் மாணவர் கற்க வேண்டியது கைத்திறனா, தரவை அலசும் திறனா? தரவுதான் என்றால் ஆசிரியர் செய்து பதிவுசெய்த காணொளியும் உண்மையான அளவீடுகளும் போதும். கணக்கும் முடிவும் மாணவர் எழுதட்டும். அளவீட்டில் வரும் பிழைகளை அழிக்காமல் அப்படியே கொடுங்கள், அப்போதுதான் யோசிப்பார்கள். கைத்திறன் என்றால் மாற்று கிடையாது. ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளவிடும் டைட்ரேஷனில் கடைசித் துளியை நிறுத்தும் கையைத் திரை கற்றுத்தராது. அவற்றை எல்லாம் தனியே ஒதுக்கி, வளாகம் திறந்ததும் பத்து நாள் தொடர் லேபாக, சிறு குழுக்களாக நடத்துங்கள். எங்கள் அனுபவத்தில் பத்து நாள் தொடர்ந்து லேபில் நின்ற மாணவர்களின் கை, வாரத்துக்கு ஒரு நாள் வந்தவர்களைவிட நன்றாகவே பழகியிருந்தது.

செவிலியர், மருத்துவம் போன்ற படிப்புகளில் நோயாளியுடன் செலவிட வேண்டிய மணிநேரத்தைக் கல்லூரி தன் விருப்பப்படி குறைக்க முடியாது. உரிமம் வழங்கும் அமைப்பு சொல்ல வேண்டும். இத்தாலி 2020 மார்ச்சில் மருத்துவப் பட்டதாரிகளுக்கான அரசுத் தகுதித் தேர்வை விலக்கி, ஏறத்தாழ 10,000 புதிய மருத்துவர்கள் முன்கூட்டியே பணிக்கு வர வழிசெய்தது. அரசு மட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவு அது.

தேர்வை ரத்து செய்துவிட்டு எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவிக்கலாமே?

களைத்துப்போன மாணவர் இதைக் கேட்கும்போது மனம் இளகும். ஆனாலும் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், கல்லூரிக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா? இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஜூலையில் இறுதியாண்டுத் தேர்வுகளைச் செப்டம்பர் முடிவுக்குள் நடத்தச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்வு இல்லாமல் இறுதியாண்டு மாணவர்களைத் தேர்ச்சி என்று அறிவிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை, தேதியைத் தள்ளி வைக்கக் கேட்கலாம் என்று ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. அதுவரை காத்திருந்த மாணவர்களுக்கு அந்த இரண்டு மாதம் வெறும் தவிப்பு. ஒழுங்குமுறை அமைப்பிடம் எழுத்தில் கேட்காமல் வாக்குறுதி கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்தது, தேர்வுக்குப் பதில் என்ன வைக்கிறோம்? இங்கிலாந்தில் 2020இல் பள்ளி இறுதித் தேர்வுகளை ரத்து செய்து, ஆசிரியர் தந்த மதிப்பீட்டை ஒரு கணினிச் சூத்திரத்தால் திருத்தி ஆகஸ்ட் 13 அன்று முடிவு வெளியிட்டார்கள். ஏ லெவலில் சுமார் 39 சதவீத மதிப்பீடுகள் குறைக்கப்பட்டிருந்தன. அந்தச் சூத்திரம் பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டதால், சாதாரணப் பள்ளியில் படித்த கெட்டிக்கார மாணவர் தன் பள்ளியின் பழைய கணக்கால் கீழே இழுக்கப்பட்டார். நாலே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அதைக் கைவிட்டு ஆசிரியர் மதிப்பீட்டுக்கே திரும்பினார்கள். கல்லூரிகள் அதற்குள் இடங்களை மறுத்துவிட்டிருந்ததால் சேர்க்கை தாறுமாறானது.

நான் பரிந்துரைப்பது நடுவழி. மதிப்பெண் வேண்டுமா, "தேர்ச்சி" என்று மட்டும் பதிய வேண்டுமா என்பதை மாணவரே பாடவாரியாக, முடிவைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கட்டும். உலகின் பல பல்கலைக்கழகங்கள் 2020 முதல் பாதியில் ஏதோ ஒரு வடிவில் தேர்ச்சி முறைக்கு மாறின. மதிப்பெண் சான்றிதழில் அந்த செமஸ்டருக்கு ஒரு வரிக் குறிப்பும் அச்சிடுங்கள். ஐந்து வருடம் கழித்து அதைப் பார்க்கும் அதிகாரிக்குக் காரணம் தெரியட்டும். தேர்ச்சி பெறாதவர்களுக்கு அரியர் என்று எழுதாமல், கட்டணமில்லா இன்னொரு வாய்ப்பு கொடுங்கள்.

ஆன்லைன் தேர்வில் காப்பியடிப்பதை எப்படித் தடுப்பது?

கேமரா வழியே கண்காணிக்கும் மென்பொருள்களை நான் ஆதரிப்பதில்லை. கருமையான தோல் உள்ளவர்களின் முகத்தைச் சில மென்பொருள்கள் கண்டுகொள்ளாமல் விட்டதாகப் புகார்கள் வந்தன. தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது தனியுரிமை மீறல் என்று 2022 ஆகஸ்டில் ஒஹையோவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றமே தீர்ப்பளித்தது. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதினாலும் யோசிக்க வேண்டிய கேள்வி கேளுங்கள். பத்து நிமிட வைவா (வாய்மொழித் தேர்வு) வையுங்கள். தான் எழுதியதைத் தானே விளக்க முடிகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அறுபது மாணவருக்குப் பத்து மணி நேரம் ஆகும், ஆசிரியருக்கு அதற்கான நாட்களை நாட்காட்டியிலேயே ஒதுக்க வேண்டும்.

தேர்வின் நடுவே மின்சாரமோ இணையமோ போனால் என்ன செய்வது என்பதைத் தேர்வுக்கு முந்தைய வாரமே அனுப்பிவிடுங்கள்: விடைத்தாளைப் போட்டோ எடுத்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும், பிறகு யார் பேசுவார்கள் என்று.

வருகைப்பதிவுக்கு என்ன விதி?

அந்த ஆண்டு வருகை குறைவால் யாருக்கும் ஹால் டிக்கெட் மறுக்காதீர்கள். உடம்பு சரியில்லாத மாணவர் வருகைக்குப் பயந்து வகுப்புக்கு வந்தால் மற்ற விதிகள் எல்லாம் வீண்.

வகுப்பறையில் எத்தனை பேரை உட்கார வைக்கலாம்?

அறையை அளந்து பாருங்கள். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள அறையில் ஆசிரியருக்கு முன்பகுதியை விட்டு, இரண்டு மீட்டர் இடைவெளியில் நாற்காலி போட்டால் நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து, ஆக 20 பேர். வழக்கமாக அதே அறையில் 60 பேர் இருந்திருப்பார்கள்.

இடைவெளியைவிடக் காற்றைப் பற்றி அதிகம் கவலைப்படுங்கள். 2020இல் நாங்கள் மேசைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம், ஜன்னல்களை ஏசிக்காக மூடி வைத்தோம். நேர்மாறாகச் செய்திருக்க வேண்டும். பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அதே மையம் 2023 மே மாதம் அறைகளுக்கு மணிக்கு ஐந்து முறையாவது தூய காற்று மாற வேண்டும் என்று இலக்கு வைத்தது. மேலே சொன்ன அறையின் உயரம் 3 மீட்டர் என்றால் கொள்ளளவு 240 கன மீட்டர். மணிக்கு 1,200 கன மீட்டர் தூய காற்று வேண்டும். ஜன்னல்கள் எதிரெதிரே திறந்தால் பல நாட்கள் இது தானாகவே கிடைக்கும். ஜன்னல் இல்லாத அறை என்றால் மணிக்கு 400 கன மீட்டர் வடிகட்டும் கருவி மூன்று வேண்டும். மணிக்கு ஐந்து முறை மாறும் அறையிலும் காற்றில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற சுமார் 55 நிமிடம் ஆகும். இரண்டு வகுப்புகளுக்கு இடையே பத்து நிமிடம் விடுவதால் காற்று சுத்தமாகிவிடாது என்பதை டைம்டேபிள் போடுபவர் மனதில் கொள்ள வேண்டும்.

கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி அறை அறையாக வைத்துப் பாருங்கள். வெளிக்காற்றில் அது பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 420. அறையில் ஆள் இருக்கும்போது அந்த எண் ஏறிக்கொண்டே போனால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். அந்த அறையைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம்.

மாணவர்களைக் குழு குழுவாக வரவழைப்பது பலன் தருமா?

இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் நான்கு நாள் நேரில், பத்து நாள் வீட்டில் என்ற 14 நாள் சுழற்சியை முன்வைத்தார்கள். ஒருவர் வளாகத்தில் தொற்று வாங்கினாலும் அவர் பிறருக்குப் பரப்பும் கட்டம் வரும்போது வீட்டில் இருப்பார் என்பது இதன் சூட்சுமம். கிருமியின் அடைகாலத்தைப் பொறுத்தே நாட்கள் அமையும். அடுத்த தொற்றில் இதே எண்கள் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே ஆசிரியர் வகுப்பில் பாதிப் பேருக்கும் திரையில் மீதிப் பேருக்கும் ஒரே நேரத்தில் பாடம் எடுப்பதை மட்டும் தவிருங்கள். இரண்டு பக்கமும் கேட்காது, ஆசிரியர் ஓய்ந்துவிடுவார்.

ஹாஸ்டலில் எத்தனை தனிமை அறைகள் தேவை?

நாளொன்றுக்கு எத்தனை புதிய நோயாளிகள் வரலாம் என்ற எண்ணைத் தனிமை நாட்களால் பெருக்குங்கள். நாளுக்கு ஐந்து பேர், தனிமை பத்து நாள் என்றால் 50 அறை. எட்டாவது நாளில் 40 அறைகள் நிரம்பியிருக்கும், அப்போது யோசிக்கத் தொடங்கினால் இரண்டு நாள்தான் மிச்சம். 50 என்றால் 35 நிரம்பும்போதே அடுத்த முடிவைத் தூண்டும்படி விதி எழுதுங்கள்.

அறைக்குள் போன மாணவருக்குச் சாப்பாடு கொண்டுவருவது யார், இரவில் மூச்சுத் திணறினால் எந்த எண், வகுப்புக் குறிப்பு யார் அனுப்புவது என்பவை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தினமும் ஒரு மனிதக் குரல் போனில் கேட்க வேண்டும். குறுஞ்செய்தி போதாது.

எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சுலபம் அல்லவா?

பெற்றோர் இல்லாதவர், எல்லை மூடிய நாட்டைச் சேர்ந்தவர், வீட்டில் வயதான நோயாளி இருப்பவர் எங்கே போவார்கள்? தொற்றோடு ஒருவரைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவது தொற்றை இன்னொரு ஊருக்கு அனுப்புவதாகும். வெளிநாட்டு மாணவரின் விசா வகுப்பு முறையோடு பிணைந்தது. 2020 ஜூலை 6 அன்று, வகுப்புகள் முழுக்க ஆன்லைனில் நடந்தால் வெளிநாட்டு மாணவர் அமெரிக்காவில் தங்க முடியாது என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை அறிவித்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட்டன. ஜூலை 14 அன்று அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. அந்த எட்டு நாள் அந்த மாணவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்! வகுப்பு முறையை மாற்றும் முன் வெளிநாட்டு மாணவர் பட்டியலைக் கையில் எடுங்கள்.

பரிசோதனை எல்லோருக்கும் தேவையா?

வசதி இருந்தால் அறிகுறி இல்லாதவர்களையும் அடிக்கடி பரிசோதிப்பது பெரும் பலன் தரும். இலினாய் பல்கலைக்கழகம் தானே உருவாக்கிய உமிழ்நீர்ச் சோதனையை வாரம் இருமுறை செய்தது. வசதி குறைந்த இடங்களுக்கு இன்னொரு வழி கழிவுநீர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் 2020 ஆகஸ்டில் ஒரு ஹாஸ்டலின் கழிவுநீரில் கிருமியின் தடயம் தெரிந்தது. உடனே அங்கே இருந்த 311 பேரைப் பரிசோதித்தார்கள். அறிகுறியே இல்லாத இரண்டு பேர் கிடைத்தார்கள். அந்த இரண்டு பேரால் கட்டடமே படுத்திருக்கலாம்.

மாதக்கணக்கில் மூடிக்கிடந்த கட்டடத்தைத் திறக்கும்போது எதைக் கவனிப்பது?

தண்ணீரை. எங்கள் வேதியியல் கட்டடத்தை ஐந்து மாதம் கழித்துத் திறந்தபோது முதல் குழாயில் காற்று சீறியது, பிறகு தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது, பத்து நிமிடம் விட்ட பிறகும் துருவாடை போகவில்லை. நிறமாவது கண்ணுக்குத் தெரிந்தது. தேங்கிய குழாய்களில் குளோரின் குறைந்து லெஜியனெல்லா என்ற பாக்டீரியா பெருகலாம்; நீர்த்துளி வழியே நுரையீரலுக்குப் போய்க் கடும் நிமோனியாவை உண்டாக்கும். மூடியிருக்கும் காலத்திலேயே வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிட ஒருவரை நியமியுங்கள். அவருக்கு முகக்கவசமும் சாவிக்கொத்தும் கொடுங்கள்.

மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிகள், திரவ நைட்ரஜன், விலங்கியல் துறையின் உயிருள்ள மாதிரிகள் இவற்றுக்கு யார் காவல் என்பது மூடும் அன்றே முடிவாக வேண்டும். இரவில் கம்ப்ரசர் நின்றால் பத்தாண்டு ஆராய்ச்சி காலையில் உருகிக் கிடக்கும்.

கட்டணம் திருப்பித் தரப்படுமா?

தங்காத நாளுக்கு ஹாஸ்டல் கட்டணமும் சாப்பிடாத நாளுக்கு மெஸ் கட்டணமும் வாங்கக் கூடாது, நாள் கணக்கில் திருப்பித் தர வேண்டும். கற்பிப்புக் கட்டணம் வேறு. ஆசிரியர் சம்பளம் நிற்கவில்லை. ஆனால் லேப், விளையாட்டு, பேருந்து என்று தனித்தனியே வசூலித்தவற்றைத் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும்.

ஆசிரியர்களும் ஊழியர்களும்?

எல்லோரும் மாணவரைப் பற்றியே கேட்பார்கள், இவர்களைப் பற்றிக் கேட்பவர் குறைவு. துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது. நல்ல முகக்கவசமும், நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பும் முதலில் அவர்களுக்குத்தான். வயது கூடிய, உடல்நலக் குறைவுள்ள ஆசிரியர் காரணத்தை மேலதிகாரியிடம் விவரிக்காமலே ஆன்லைனைத் தேர்ந்தெடுக்க வழி வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாற்று ஆசிரியர் பெயர் இருக்கட்டும். அவருக்கு அந்தப் பாடத்தின் குறிப்புகளும் மதிப்பெண் பதிவேடும் எட்ட வேண்டும்.

மாற்றங்களை எப்படி அறிவிப்பது?

இங்கேதான் அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். "மறு அறிவிப்பு வரும் வரை" என்ற சொற்களை எங்கள் சுற்றறிக்கைகளில் இருந்தே எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒவ்வொரு அறிவிப்பிலும் ஐந்து வரி: என்ன மாறியது, என்ன மாறவில்லை, எதனால், அடுத்த முடிவு எந்தத் தேதியில், சந்தேகத்துக்கு யார். இப்படி இருக்கும்:

"அக்டோபர் 5 முதல் 18 வரை எல்லா வகுப்புகளும் ஆன்லைனில். லேப் தேதிகளும் செமஸ்டர் முடிவுத் தேதியும் மாறவில்லை. தனிமை அறைகள் 50இல் 36 நிரம்பியதால் இந்த முடிவு. அடுத்த முடிவு அக்டோபர் 15 வியாழன் மாலை 4 மணிக்கு, மாற்றம் இல்லாவிட்டாலும் அறிவிக்கப்படும். ஹாஸ்டல் சந்தேகங்களுக்கு வார்டன், மற்றவற்றுக்குக் கல்விப் பிரிவு."

"மாற்றம் இல்லாவிட்டாலும்" என்ற சொற்கள் முக்கியம். சொன்ன நேரத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று ஒரு வரி வந்தாலே வதந்திகள் பாதி அடங்கிவிட்டன. தினமும் நூறைத் தொட்ட தொலைபேசி அழைப்புகள் இரண்டாவது வாரத்திலேயே கண்ணெதிரே குறைந்தன.

இறுதியாண்டு மாணவர்களின் பட்டமளிப்பு விழா?

பட்டச் சான்றிதழையும் விழாவையும் பிரித்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் வேலையில் சேர முடியாது. அது குறித்த நாளில் தபாலிலோ மின்னணு வடிவிலோ போய்ச்சேர வேண்டும். விழாவை எப்போது வேண்டுமானாலும் நடத்தலாம். நாங்கள் இரண்டு வருடம் கழித்து நடத்தினோம். பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று நினைத்து நாற்காலிகளைக் குறைவாகப் போட்டிருந்தோம். கைக்குழந்தையோடு வந்தவர்கள், இரவு ரயிலில் வந்து நேராக அரங்குக்கு வந்தவர்கள் என்று அரங்கு நிறைந்துவிட்டது. மொட்டைமாடி மூலையிலிருந்து நாற்பது முறை வகுப்புக்குள் வந்த அந்த மாணவனும் வந்திருந்தான். நாற்காலி பற்றாமல் பின்சுவரோரம் நின்று, பெயர் கூப்பிட்டதும் மேடைக்கு வந்தான்.